லாட்டனின் ஒரே படமும் அன்றைய மதிப்புரைகளும்

கேள்வி இதுதான்: நடிகர் சார்ல்ஸ் லாட்டன் முதன்முதலாக இயக்கிய 'தி நைட் ஆஃப் தி ஹண்டர்' 1955இல் வெளிவந்தபோது விமர்சகர்கள் அதைக் கிழித்துத் தொங்கவிட்டார்கள் என்றும், அந்த மனக்காயத்தால்தான் அவர் மறுபடி எந்தப் படத்தையும் இயக்கவில்லை என்றும் பரவலாகச் சொல்லப்படுகிறதே, அது எந்த அளவுக்கு உண்மை?

பாதிதான் உண்மை. அவர் இன்னொரு படத்தை இயக்கவில்லை என்பதும், படம் வசூலில் தோற்றது என்பதும், அந்தத் தோல்வி அவரை மிகவும் வாட்டியது என்பதும் சரியே. விமர்சகர்கள் ஒருமித்துப் படத்தைக் குதறினார்கள் என்பது மட்டும் பிற்காலத்தில் வந்து ஒட்டிக்கொண்ட கதை. அன்றைய முக்கியமான மதிப்புரைகளை எடுத்துப் படித்துப் பார்த்தால் அவற்றில் பாராட்டு கணிசமாகவே இருக்கிறது. குறை சொல்லும் இடங்களிலும் எழுதியவர்கள் படத்தைக் கவனித்துப் பார்த்திருக்கிறார்கள் என்பது தெரிகிறது. இன்றைக்கு நாம் கொண்டாடுகிற அதே பகுதியில்தான் அவர்களும் விரலை வைத்தார்கள். வைத்துவிட்டு, இங்கேதான் படம் கெட்டது என்றார்கள். படத்தில் இருப்பது அவர்கள் கண்ணில் பட்டது, அதை அளக்க எடுத்த கோல்தான் வேறு என்பது என் கணிப்பு. அந்தக் கோல் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால்தான் மதிப்புரைகள் ஏன் அப்படி அமைந்தன என்பது விளங்கும்.

லாட்டன் 1899இல் இங்கிலாந்தின் ஸ்கார்பரோவில் பிறந்தவர். 1933இல் வந்த படத்தில் மன்னர் எட்டாம் ஹென்றியாக நடித்துச் சிறந்த நடிகருக்கான ஆஸ்கர் விருதைப் பெற்றவர். 1935இல் 'மியூட்டினி ஆன் தி பவுண்டி'யில் கப்பல் தலைவன் பிளையாகவும், 1939இல் நோத்ர தாம் தேவாலயத்துக் கூனனாகவும் நடித்து உலகப் புகழ் அடைந்தவர். 1950களின் தொடக்கத்தில் திரையில் அவருக்கு முன்பிருந்த மவுசு இல்லை. அதற்கு ஈடாக மேடையில் அவர் புதிதாக ஒரு வாழ்வைக் கண்டிருந்தார். அமெரிக்காவின் ஊர் ஊராகப் போய், பைபிளிலிருந்தும் இலக்கியத்திலிருந்தும் உரக்க வாசித்துக் காட்டுவார், மண்டபங்கள் நிரம்பின. இந்தப் பயணங்களை ஏற்பாடு செய்தவர் பால் கிரிகரி என்ற இளம் தயாரிப்பாளர். இருவரும் சேர்ந்து 1951இல் பெர்னார்ட் ஷாவின் 'டான் வான் இன் ஹெல்' பகுதியையும், 1954இல் 'தி கெய்ன் மியூட்டினி கோர்ட் மார்ஷல்' நாடகத்தையும் மேடையேற்றிப் பெயரும் பணமும் சம்பாதித்தார்கள். ஆக, திரைப்பட இயக்குநராக வந்தபோது லாட்டன் யாரும் அறியாத புதுமுகம் அல்லர். மேடையை ஆளத் தெரிந்த பெரிய நடிகர் இயக்கும் படம், அதனால் வசனமும் நடிப்பும் சுமக்கிற படம் என்று எதிர்பார்க்க எல்லாக் காரணமும் இருந்தது.

இரண்டாவது எதிர்பார்ப்பு நாவலிலிருந்து வந்தது. டேவிஸ் க்ரப் எழுதிய மூலநாவல் 1953இல் வெளிவந்து நன்றாக விற்றது. மேற்கு வர்ஜீனியாவின் மவுண்ட்ஸ்வில் அவருடைய சொந்த ஊர். கணவரை இழந்த பெண்களைத் திருமணத் தொடர்புக் கடிதங்கள் மூலம் வலைவீசிப் பிடித்துக் கொன்ற ஹாரி பவர்ஸ் என்பவன் 1932இல் அந்த ஊர்ச் சிறையில்தான் தூக்கிலிடப்பட்டான். அந்த நினைவிலிருந்து முளைத்த கதை, பொருளாதாரப் பெருமந்தக் காலத்து ஒஹையோ ஆற்றங்கரையில் நடக்கிறது. வங்கியைக் கொள்ளையடித்த ஒருவன், பிடிபடுவதற்குச் சில நொடிகள் முன்பு 10,000 டாலரைத் தன் சின்ன மகளின் துணிப்பொம்மைக்குள் ஒளித்துவைத்துவிட்டு, அண்ணன் தங்கை இருவரிடமும் சத்தியம் வாங்கிக்கொண்டு தூக்குமேடைக்குப் போகிறான். சிறையில் அவனுடன் ஒரே அறையில் இருந்த போலிப் பிரசங்கி ஹாரி பவல், வெளியே வந்து அவன் மனைவியை மணந்து, அவளைக் கொன்று, பணத்துக்காகக் குழந்தைகளைத் துரத்துகிறான். வாசகர்கள் இரவில் விளக்கை அணைக்காமல் படித்த நாவல் அது. திரையிலும் அதே திகில் கடைசிவரை தொய்வில்லாமல் வர வேண்டும் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

லாட்டன் செய்தது வேறு. படப்பிடிப்புக்கு முன் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் டி. டபிள்யூ. கிரிஃபித்தின் பேசாப் படங்களை வரவழைத்து உட்கார்ந்து பார்த்தார். கிரிஃபித்தின் நாயகியான லில்லியன் கிஷ்ஷையே, குழந்தைகளுக்கு அடைக்கலம் தரும் கிழவி ரேச்சல் கூப்பராக நடிக்க அழைத்தார். முன்பெல்லாம் ஜனங்கள் படம் பார்க்கும்போது நிமிர்ந்து உட்கார்ந்து பார்த்தார்கள், இப்போது சாய்ந்து கிடந்து தின்பண்டம் தின்கிறார்கள், அவர்களைத் திரும்ப நிமிர வைக்க வேண்டும் என்று கிஷ்ஷிடம் அவர் சொன்னதாக ஒரு செய்தி உண்டு. ஒளிப்பதிவுக்கு ஸ்டான்லி கோர்ட்டெஸ். ஆர்சன் வெல்ஸின் 'தி மேக்னிஃபிசென்ட் ஆம்பர்சன்ஸ்' அவர் கைவண்ணம். இசைக்கு வால்டர் ஷூமன். திரைக்கதைக்கு ஜேம்ஸ் ஏஜீ. அவரே அமெரிக்காவின் மிகச் சிறந்த திரைப்பட விமர்சகர்களில் ஒருவர் என்பதைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். படம் வெளியாவதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்பே, 1955 மே மாதத்தில், அவர் காலமாகிவிட்டார்.

இப்போது மதிப்புரைகளுக்கு வருவோம். அமெரிக்கத் திரைத்தொழிலின் பத்திரிகையான 'வெரைட்டி', நாவலின் இடைவிடாத திகில், படமாக மாறும்போது கிரிகரி, லாட்டன் இருவரின் கையை விட்டு நழுவிவிட்டது என்று எழுதியது. தயாரிப்பாளராக ஒருவருக்கும் இயக்குநராக மற்றவருக்கும் இது நம்பிக்கையூட்டும் தொடக்கம் என்றும், படம் சில இடங்களில் மயக்குகிறது என்றும் அதே மதிப்புரை ஒப்புக்கொண்டது. வழக்கத்துக்கு மாறான சின்னச் சின்ன வேலைப்பாடுகள் அளவுக்கு மீறிச் சேர்ந்து மூட்டம் போட்டுவிட்டதால் வேகம் குறைந்துவிட்டது என்பதுதான் அதன் குற்றச்சாட்டு. தியேட்டர்காரர்கள் படம் ஓடுமா என்று தெரிந்துகொள்ளப் படிக்கும் பத்திரிகை அது; அந்த வேலையை அது நேர்மையாகவே செய்தது, அதன் கணக்கும் தப்பவில்லை.

நியூயார்க் டைம்ஸில் போஸ்லி குரௌதர் எழுதியதுதான் அதிகம் மேற்கோள் காட்டப்படுவது, அதிகம் திரித்துச் சொல்லப்படுவதும்கூட. செப்டம்பர் 1955இல் நியூயார்க்கில் படம் வெளியானதை ஒட்டி வந்த அந்த மதிப்புரையில், இது விசித்திரமான, ஆர்வத்தைத் தூண்டும் முயற்சி என்கிறார். ராபர்ட் மிட்சம் அந்தப் பிரசங்கியைச் சில்லென்ற வழவழப்போடு நடித்திருப்பது முதுகுத்தண்டை உறைய வைக்கிறது என்கிறார். ஷெல்லி விண்டர்ஸ் நடித்த விதவை வில்லாவின் முதலிரவுக் காட்சியையும், இரண்டு குழந்தைகளின் நடிப்பையும் தாராளமாகப் புகழ்கிறார். பிறகுதான் கத்தியை எடுக்கிறார். கதையை முடிவுவரை கொண்டுபோகும்போது லாட்டன் தவறிவிட்டார், குழந்தைகள் வீட்டைவிட்டு ஓடியபின் படம் நன்மைக்கும் தீமைக்குமான ஒருவகை உருவகக் கதையாக மாறிவிடுகிறது, இறுக்கமான இழை கடைசியில் இளகிப் போகிறது என்பது அவர் சொல்வதன் சாரம்.

குரௌதரைக் கேலி செய்வது இப்போது ஒரு பழக்கமாகிவிட்டது. அடுத்த பத்தாண்டில் 'பானி அண்ட் கிளைட்' படத்தைத் தொடர்ந்து தாக்கியதால் காலத்தோடு ஒத்துப்போகாதவர் என்ற பெயர் அவருக்கு நிலைத்துவிட்டது. இந்தப் படத்தைப் பொறுத்தவரை நான் அவரை அவ்வளவு எளிதில் தள்ளிவிட மாட்டேன். குழந்தைகள் படகில் ஏறும் நிமிடத்திலிருந்து படம் வேறு படமாகிறது என்று அவர் சொன்னது அப்பட்டமான உண்மை. அந்த நிமிடம் வரை நாம் பார்த்தது, சற்றுக் கோணலான ஒரு கிராமத்துத் திகில் கதை. துரத்திவந்த பவல் சேற்றில் இறங்கி, படகு கைக்கு எட்டாமல் நழுவியதும், மனிதக் குரலாகவே தோன்றாத ஓர் ஊளையை எழுப்புகிறான். அடுத்த காட்சியில் வானம் ஸ்டுடியோவில் செய்த வானம் என்று கூசாமல் காட்டிக்கொள்கிறது. நட்சத்திரங்கள் பதித்தவை போல மின்னுகின்றன. சின்னப் பெண் பேர்ல் ஓர் ஈயைப் பற்றிய தாலாட்டைப் பாடுகிறாள். சிலந்தி வலையின் பின்னால் படகு மிதந்து போகிறது. பிறகு கரையில் ஒரு தவளை, முயல்கள், ஆடுகள் என்று ஒவ்வொன்றாகத் திரையின் முன்பக்கத்தை நிறைக்க, படகு அவற்றுக்குப் பின்னால் சிறிதாகப் போய்க்கொண்டே இருக்கிறது. யாரும் துரத்துவதாகவே தெரியாத சில நிமிடங்கள் அவை. திகில் படத்தின் நெறிப்படி பார்த்தால் இது மன்னிக்க முடியாத தளர்ச்சிதான். ஒரு பிள்ளையின் பயத்துக்குள்ளிருந்து பார்த்தால், துரத்துபவனைவிடத் தூக்கமும் பசியும் பெரிதாகும் நேரம் இப்படித்தான் இருக்கும். லாட்டன் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார். குரௌதர் முதலாவதைக் கேட்டார்.

கடைசிப் பகுதியிலும் இதே கதைதான். ரேச்சல் துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு இருட்டில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். வெளியே வேலிக்கருகில் பவல் தான் எப்போதும் பாடும் கிறிஸ்தவப் பாமாலையைப் பாடுகிறான். அவனை விரட்ட வேண்டியவள், அவன் பாட்டில் தானும் சேர்ந்துகொண்டு, அவன் விட்டுவிடும் 'இயேசு' என்ற பெயரைத் தன் வரியில் சேர்த்துப் பாடுகிறாள். அந்த நேரத்தில் வீட்டுப் பெண் ஒருத்தி மெழுகுவர்த்தியோடு அறைக்குள் வர, அந்த வெளிச்சத்தில் கம்பிவலைக்கு அப்பால் இருப்பது கண்ணுக்கு மறைகிறது. ரேச்சல் ஊதி அணைக்கிறாள். அவன் அங்கே இல்லை. இரண்டு எதிரிகள் ஒரே பாட்டை இரண்டு குரலில் பாடுவது உருவகக் கதையா என்றால், ஆம், சந்தேகமே இல்லாமல் உருவகம்தான். அதைக் குறை என்று எழுதியவருக்கும் சாதனை என்று எழுதியவர்களுக்கும் நடுவில் இருப்பது ரசனை வேறுபாடு.

இதோடு சிரிப்பும் இருக்கிறது. அதுவும் பலரைத் தடுமாற வைத்தது. நிலவறைப் படிக்கட்டில் கைகளை நீட்டிக்கொண்டு குழந்தைகளைத் துரத்தும் பவல், கதவிடுக்கில் விரல் நசுங்கி அலறுவது பழைய நகைச்சுவைத் துண்டுப்படங்களில் வரும் வில்லனைப் போலவே இருக்கிறது. அதே மனிதன் சற்று முன்புதான் ஒரு பெண்ணைக் கொன்று, காரோடு ஆற்றில் அமிழ்த்தியிருக்கிறான். நீருக்கடியில் அவளுடைய தலைமுடி பாசிக்கொடிகளோடு சேர்ந்து அலையும் அந்தக் காட்சி, மெழுகுப் பொம்மையை வைத்துத் தண்ணீர்த் தொட்டியில் எடுக்கப்பட்டதாக இருந்தும், அமெரிக்க சினிமாவின் மிக அழகான காட்சிகளில் ஒன்று. கொடூரம், அழகு, கேலி மூன்றையும் ஒரே படத்தில் அடுத்தடுத்து வைத்தால், இயக்குநருக்குத் தன் படம் எந்த வகை என்றே தெரியவில்லை என்று ஒரு மதிப்புரையாளர் நினைப்பது இயல்பு. அதிலும் அவர் முதல் படம் எடுப்பவர் என்றால், வேண்டுமென்றே செய்ததைக்கூடத் தெரியாமல் செய்ததாக எடுத்துக்கொள்வார்கள். ஐம்பது படம் எடுத்தவருக்குக் கிடைக்கும் சந்தேகத்தின் பலன் முதல் படக்காரருக்குக் கிடைப்பதில்லை.

பத்திரிகைகளைவிடக் கடுமையாக நின்றவை மத அமைப்புகள். கத்தோலிக்க ஒழுக்கக் கழகமான லீஜன் ஆஃப் டீசன்ஸி, திருமணத்தை இழிவுபடுத்துவதாகச் சொல்லிப் படத்தை ஓரளவு ஆட்சேபத்துக்குரியது என்ற பட்டியலில் சேர்த்தது. புராட்டஸ்டண்ட் தரப்புத் திரைப்பட மன்றமும் எதிர்ப்புத் தெரிவித்தது. பைபிளைக் கையில் பிடித்துக்கொண்டு, ஒரு கை விரல்களில் அன்பு என்றும் மறு கை விரல்களில் வெறுப்பு என்றும் பச்சை குத்திக்கொண்டு, கொலைக்குப் போகும்போது ஆண்டவனோடு பேசுகிற ஒருவனை 1955இன் அமெரிக்கச் சிற்றூர்களில் காட்டுவது சின்ன விஷயம் அல்ல. அவன் முறைப்படி குருப்பட்டம் பெற்றவன் அல்லன் என்பதைப் படமே தெளிவுபடுத்துகிறது; நீ எந்த மதம் என்று கேட்டதற்கு, ஆண்டவனும் நானும் எங்களுக்குள் பேசி முடிவு செய்துகொண்ட மதம் என்கிறான். அது போதவில்லை. ரேச்சலின் வழியாகப் படம் நம்பிக்கையின் பக்கம் நிற்பதை இந்த அமைப்புகள் கணக்கில் எடுத்துக்கொண்டதாகவே தெரியவில்லை. விசித்திரம் என்னவென்றால், பக்தி அதிகமாகிப்போனது என்பதுதான் குரௌதரின் குறை.

வசூல் தோல்விக்கு மதிப்புரைகள் மட்டுமே காரணம் என்றும் நான் நினைக்கவில்லை. விநியோகித்த யுனைட்டெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் நிறுவனத்திடம் அதே கோடையில் மிட்சம் நடித்த இன்னொரு படம் கையில் இருந்தது: 'நாட் அஸ் எ ஸ்ட்ரேஞ்சர்'. ஒலிவியா டி ஹாவிலண்ட், ஃபிராங்க் சினாட்ரா என்று நட்சத்திரக் கூட்டம், பரபரப்பாக விற்ற நாவல், பெரிய விளம்பரம். அதை இயக்கிய ஸ்டான்லி கிரேமருக்கும் அதுதான் இயக்குநராக முதல் படம் என்பது ஒரு வேடிக்கையான பொருத்தம். அந்த முதல் படம் நன்றாக ஓடியது, இன்று அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. லாட்டனின் படத்தை எப்படி விற்பது என்றே நிறுவனத்துக்குத் தெரியவில்லை. வண்ணமும் அகலத்திரையும் கோலோச்சிய காலத்தில் கறுப்பு வெள்ளையில் எடுத்ததால் தோற்றது என்று சிலர் சொல்வது எனக்கு ஒப்புதல் இல்லை. அந்த ஆண்டின் சிறந்த படத்துக்கான ஆஸ்கரை வாங்கிய 'மார்ட்டி' கறுப்பு வெள்ளைதான், அதையும் யுனைட்டெட் ஆர்ட்டிஸ்ட்ஸ்தான் வெளியிட்டது. லாட்டனின் படத்துக்கு ஒரு பிரிவில்கூட ஆஸ்கர் பரிந்துரை இல்லை.

மாற்றுக் குரல் பிரான்சிலிருந்து வந்தது. 1956இல், தான் இன்னும் முழுநீளப் படம் எதையும் எடுத்திராத இருபத்து நான்கு வயது விமர்சகர் பிரான்சுவா த்ரூஃபோ இந்தப் படத்தைப் பற்றி எழுதினார். அவருடைய கட்டுரையைப் பிற்காலத்துப் புகழ்மாலைகளோடு சேர்த்துவிடக் கூடாது. அவரும் குறை சொல்கிறார். நடை ஓரிடத்தில் நிற்காமல் வடஐரோப்பிய சினிமாவுக்கும் ஜெர்மானியப் பாணிக்கும் இடையே தள்ளாடுகிறது, கிரிஃபித்தின் தடத்தையும் இடையிடையே விட்டுவிடுகிறது என்கிறார். ஆனாலும் புதியன கண்டுபிடிக்கும் ஆற்றல் படம் முழுக்கப் பொங்குகிறது, பயங்கரமான ஒரு செய்தியைச் சின்னப் பிள்ளைகள் தங்கள் வாயால் திருப்பிச் சொல்வதுபோல் இருக்கிறது, சோதனை செய்வதாகச் சொல்லிக்கொள்ளும் சினிமா உண்மையிலேயே சோதனை செய்வதை இங்கே பார்க்கிறோம் என்று முடிவுகட்டுகிறார். குரௌதரும் த்ரூஃபோவும் கண்ட குறை ஏறக்குறைய ஒன்றே. ஒருவருக்கு அது படத்தின் தோல்வி. மற்றவருக்குப் படம் கொடுத்த விலை.

அதற்குப் பிறகு நீண்ட காலம் பெரிதாக எதுவும் நடக்கவில்லை. தொலைக்காட்சியில் பின்னிரவில் காட்டினார்கள், பழைய படங்களைத் திரையிடும் அரங்குகளிலும் கல்லூரிகளிலும் ஓட்டினார்கள், பார்த்தவர்கள் மற்றவர்களுக்குச் சொன்னார்கள். 1989இல் ஸ்பைக் லீ தன் 'டூ தி ரைட் திங்' படத்தில் ஒரு பாத்திரத்தின் இரண்டு கைகளிலும் அன்பு, வெறுப்பு என்று மோதிரம் மாட்டி, பவலின் பிரசங்கத்தை அவனை நிகழ்த்த வைத்தபோது, மூலம் எது என்று பார்வையாளர்களில் பலருக்குத் தெரிந்திருந்தது. 1992இல் அமெரிக்க தேசியத் திரைப்படப் பதிவேட்டில் இப்படம் சேர்க்கப்பட்டது. 1996இல் அமெரிக்கத் திரைப்பட விமர்சகர் ரோஜர் ஈபர்ட் இதைத் தன் மகத்தான படங்களின் வரிசையில் எழுதும்போது, எந்த வகையில் சேர்ப்பது என்று தெரியாததால்தான் மக்கள் இதைப் பட்டியல்களில் விட்டுவிடுகிறார்கள் என்றார். நியாயமான பேச்சு. ஒரே படம் எடுத்த இயக்குநருக்குப் பின்னால் ஒரு வரிசை இல்லை. ஒரு படத்தை இன்னொரு படத்தால் விளக்கிப் பழகிய விமர்சனத்துக்கு அவரிடம் பிடிமானம் கிடைக்கவில்லை. 2008இல் பிரெஞ்சுத் திரைப்பட இதழான 'கஹியே து சினிமா' வெளியிட்ட நூறு படங்களின் பட்டியலில் 'சிட்டிசன் கேன்' படத்துக்கு அடுத்த இடத்தை இது பகிர்ந்துகொண்டது. 'சைட் அண்ட் சவுண்ட்' இதழ் 2022இல் விமர்சகர்களிடம் நடத்திய வாக்கெடுப்பில் 25ஆம் இடம் கிடைத்தது. பட்டியல்களை நான் வேதவாக்காக எடுத்துக்கொள்வதில்லை. மதிப்பு எவ்வளவு தூரம் நகர்ந்தது என்பதற்கு அளவுகோலாக மட்டும் சொல்கிறேன்.

மறுமதிப்பீட்டில் ஒரு கிளைச் சண்டையும் உண்டு: படம் யாருடையது? மதுவில் மூழ்கியிருந்த ஏஜீ பயன்படுத்தவே முடியாத ஒரு மூட்டைத் தாள்களைக் கொடுத்தார், லாட்டன் அதைத் தூக்கிப் போட்டுவிட்டுத் தானே எழுதினார் என்று பல ஆண்டுகள் சொல்லிவந்தார்கள். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏஜீயின் முதல் வரைவு கிடைத்தது. முந்நூறு பக்கத்துக்குச் சற்றுக் குறைந்த அந்த வரைவு நீளம்தான். ஆனால் படத்தில் நாம் பார்க்கும் காட்சிகளில் பெரும்பகுதி அதில் இருக்கிறது. லாட்டன் அதை வெட்டிச் செதுக்கினார் என்பதே சரி. இன்னொரு கதை, லாட்டனுக்குக் குழந்தைகளைப் பிடிக்காது, அவர்களை நடிக்க வைத்தது மிட்சம்தான் என்பது. இதற்குப் பதில் சொல்ல ஆவணமே இருக்கிறது. படத்தில் சேர்க்காத காட்சித்துண்டுகளை லாட்டனின் மனைவி எல்சா லான்செஸ்டர் 1974இல் அமெரிக்கத் திரைப்படக் கழகத்திடம் ஒப்படைத்தார். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் காப்பகத்தைச் சேர்ந்த ராபர்ட் கிட் அவற்றைப் பல ஆண்டுகள் ஒழுங்குபடுத்தி, 2002இல் இரண்டரை மணி நேரத்துக்கும் மேலான ஒரு தொகுப்பாகக் காட்டினார். லாட்டன் ஒவ்வொரு முயற்சிக்கும் நடுவில் கேமராவை நிறுத்தாமல் ஓடவிட்டுப் பேசுகிற பழக்கம் உடையவராக இருந்ததால், அவருடைய குரல் அதில் அப்படியே பதிவாகியிருக்கிறது. குழந்தைகளிடம் வரியைத் தானே சொல்லிக் காட்டுகிறார், திரும்பச் சொல்ல வைக்கிறார், பொறுமையாகத் திருத்துகிறார். ஓர் இயக்குநரின் முதல் படம் எப்படி இயக்கப்பட்டது என்பதற்கு இவ்வளவு நேரடியான சாட்சி அந்தக் காலத்து ஹாலிவுட்டில் வேறு எந்தப் படத்துக்கும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

இனி, ஏன் இன்னொரு படம் எடுக்கவில்லை என்ற கேள்வி. மதிப்புரைகளைப் படித்துவிட்டு அவர் சுருண்டு படுத்துவிடவில்லை. நார்மன் மெய்லரின் போர் நாவலான 'தி நேக்கட் அண்ட் தி டெட்' அடுத்த படம் என்று கிரிகரியும் அவரும் முடிவு செய்திருந்தார்கள்; முதல் படத்துக்காக ஒஹையோ ஆற்றில் வெளிப்புறக் காட்சிகளை எடுத்த டெர்ரி சாண்டர்ஸ், டெனிஸ் சாண்டர்ஸ் சகோதரர்களோடு உட்கார்ந்து லாட்டன் திரைக்கதை வேலையையும் செய்தார். நீண்ட, செலவு பிடிக்கும் போர்ப்படம் அது. முதல் படம் விட்ட நஷ்டத்துக்குப் பிறகு அவரை நம்பி அவ்வளவு பணத்தைப் போட ஆள் கிடைக்கவில்லை. கிரிகரியோடு இருந்த கூட்டும் முறிந்தது. 1958இல் கிரிகரியே தயாரிக்க, ரவுல் வால்ஷ் இயக்கத்தில் அந்தப் படம் வெளிவந்தது. லாட்டன் நடிப்புக்குத் திரும்பி, 1957இல் 'விட்னஸ் ஃபார் தி பிராசிக்யூஷன்' படத்துக்காக மறுபடியும் ஆஸ்கர் பரிந்துரை பெற்றார். 1960இல் 'ஸ்பார்ட்டகஸ்' படத்திலும் நடித்தார். 1962 டிசம்பரில் இறந்தார். ராபர்ட் ரெட்ஃபோர்டும் கெவின் காஸ்ட்னரும் தங்கள் முதல் படத்துக்கே சிறந்த இயக்குநர் ஆஸ்கரை வாங்கிய காலத்தை அவர் பார்க்கவில்லை. நடிகர்களுக்கு அந்தக் கதவு அவ்வளவு அகலமாகத் திறந்திராத 1950களில், முதல் படத்தில் பணத்தை இழந்தவருக்கு இரண்டாவது வாய்ப்பு அரிதுதான்.

இதை அப்போதே கணித்தவரும் த்ரூஃபோதான். இப்படிப்பட்ட திரைக்கதையை வைத்துக்கொண்டு ஹாலிவுட்டில் இயக்குநர் வாழ்க்கையைத் தொடங்க முடியாது, வணிகத்தின் விதிகள் அத்தனைக்கும் எதிராகப் போகும் இது லாட்டனின் ஒரே படமாகவே இருந்துவிடக்கூடும் என்று, சாண்டர்ஸ் சகோதரர்கள் இன்னும் மெய்லரின் நாவலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த நாட்களிலேயே அவர் எழுதியிருந்தார். அந்த வரியில் விமர்சகர்களைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.